தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பது எப்படி? நோன்புக்கும் நன்றிக்கும் என்ன தொடர்பு?

தவக்காலம் என்பது திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை வரும் நோன்புக் காலம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு சொல் புழங்கும். இரண்டும் ஒன்றல்ல. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. 14 வயது நிறைந்தவர்களுக்குத் தவக்கால வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சுத்தபோசனம். திருச்சபையின் மிக உயர்ந்த நிலைத் திருநாளான பெருவிழா வெள்ளியில் விழுந்தால் மட்டும் விலக்கு உண்டு. 2027-ல் மார்ச் 19, சூசையப்பர் பெருவிழா, அப்படித்தான் வருகிறது. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் அந்த ஒன்றின் அளவுக்கு வரக்கூடாது. 18 முதல் 59 வயது நிறையும்வரை, திருநீற்றுப் புதன், புனித வெள்ளி இரண்டு நாள் கட்டாயம். மற்ற நாள் அவரவர் விருப்பம். ஞாயிறு நோன்பில்லை, 46 நாளில் ஆறு ஞாயிறு போனால்தான் 40.

முழுச் சாப்பாட்டுக்கு நம் ஊர் ராகிக் களியைவிடப் பொருத்தமானது இல்லை. நாலு பேருக்கு 2 டம்ளர் மாவு, அரை டம்ளர் நொய், 5 டம்ளர் தண்ணீர், உப்பு. நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறாதீர்கள். துடுப்புக் காம்பால் நாலைந்து இடத்தில் துளை போட்டு, சின்னத் தீயில் மூடி வையுங்கள். ஆவி துளை வழியே ஏறி உள்மாவு வேக ஏழெட்டு நிமிடம் ஆகும். அதன் பிறகே கிளறி உருண்டை பிடியுங்கள். அவசரப்பட்டு உடனே கிளறினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவோடு கட்டி தட்டிவிடும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல் போதும். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு அதுவே சிறுவேளை.

பெரும்பாலும் கெடுவது ராத்திரியில். பகல் முழுக்கப் பட்டினி, இரவு பரோட்டா என்றால் வயிறுதான் வீணாகும். மார்ச் வெயிலில் தண்ணீரையும் நிறுத்துகிறார்கள். தண்ணீர் குடித்தால் நோன்பு முறியாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒருசந்தி இருக்கவே வேண்டாம். நோயாளிக்குத் திருச்சபையே விலக்கு தருகிறது, அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

இனி நன்றி. நோன்பைப் பாவத்துக்கான தண்டனையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். தவக்காலத்தின் மூன்றாம் தொடக்கவுரையை, அதாவது நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குரு சொல்லும் நன்றிச் செபத்தை, பூசையில் கவனித்துக் கேளுங்கள்: நம் தன்னொறுத்தலால் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம், நம் கர்வம் தணிகிறது, ஏழைகளுக்கு உணவு கிடைக்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஒருவேளை சோறு தள்ளிப்போனால்தான் மறுவேளைச் சோறு யாரோ விளைவித்து, யாரோ வடித்துக் கொடுத்தது என்று உறைக்கிறது. ஆகவே சாப்பாட்டுச் செபத்தை முணுமுணுத்து முடிக்காமல், தட்டில் இருப்பதைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்: ராகிக்கு, கொள்ளுக்கு, கிளறிய கைக்கு.

மிச்சம் பிடித்த காசு வீட்டுச் செலவில் கலந்துவிடக் கூடாது. டீ 15 ரூபாய் என்றால், நாளுக்கு இரண்டு விட்டாலே 40 நாளில் 1,200. அன்றன்றே உண்டியலில் போட்டுவிடுங்கள். புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் மாலைப் பூசையில் அப்பம், திராட்சை இரசத்தோடு ஏழைகளுக்கான காணிக்கையையும் பவனியாகக் கொண்டுவரத் திருவழிபாட்டிலேயே இடமுண்டு. உண்டியலை உடைத்து எடுத்துப் போக வேண்டிய நாள் அதுதான்.