நாய் ஒன்றும் செய்யாது, சரி. நான் என்ன செய்வது?

கேள்வி: மாலையில் நான் நடக்கப் போகும் பூங்காவில் ஒருவர் தன் நாயைக் கயிறு இல்லாமல் விட்டுவிடுகிறார். அது என்னை நோக்கி ஓடி வரும்போதெல்லாம், நின்ற இடத்திலிருந்தே "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது" என்று சத்தம் போட்டுச் சொல்கிறார். கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன் என்றதற்கு, "இவ்வளவு பயம் இருந்தால் டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்கிறார். நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. "ஒண்ணும் பண்ணாது" என்று நாய் வளர்ப்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது நாய்க்குக் கொடுக்கிற நற்சான்று. வெலவெலத்து நிற்கிறவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது நற்சான்று இல்லை, இடைவெளி. அவர் அந்த நாயைக் குட்டியிலிருந்து பார்த்து வருகிறவர். நீங்கள் பார்ப்பதோ அது பாய்ந்து வருகிற கோலத்தை மட்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றால் எப்படி?

நாய் மீதான கடும் பயத்தை மருத்துவத்தில் சைனோஃபோபியா என்பார்கள். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கால் நகராது, சிலருக்கு மூச்சே முட்டும். பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்குவது. கடிபட்டவருக்குத்தான் வரும் என்றில்லை, இன்னொருவர் கடிபட்டதைப் பார்த்தவருக்கும், நாயைக் கண்டு அலறுகிற பெரியவர்களுக்கு நடுவில் வளர்ந்தவருக்கும் வரும். "பயப்படாதே" என்று சொன்னால் போய்விடும் என்றால் என்றைக்கோ போயிருக்காதா? அதோடு, இது காரணமே இல்லாத பயமும் அல்ல. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. பூங்காவில் வரும் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள்தான், ஆனால் அதை எதிரே வருகிறவர் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

டாக்டர் விஷயத்துக்கு வருவோம். சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. முதலில் நாயின் படம், பிறகு தூரத்தில் கட்டிப்போட்ட நாய், பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே என்று படிப்படியாகப் பழக்குவார்கள். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் இதைச் செய்யும் முறையை 1989-ல் வெளியிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு அடியும் பயப்படுகிறவரின் சம்மதத்தோடு எடுத்து வைப்பது; அவர் போதும் என்றால் போதும். கேட்காமல் கொள்ளாமல் ஒரு நாய் மேலே வந்து விழுவது இதற்கு நேர் எதிர், இருக்கிற பயத்தை இன்னும் ஆழமாகப் பதிய வைத்துவிடும். சிகிச்சைக்குப் போவதும் போகாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம், அது முடியும்வரை பூங்காவுக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனின் 1991-ம் வருட ஆபத்தான நாய்கள் சட்டத்தில்கூட, நாய் கடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாகவே அஞ்சும்படி அது நடந்துகொண்டால், கட்டுப்பாட்டில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

நாய் ஓடி வருகிற அந்த நிமிடத்தில் வாக்குவாதம் வேண்டாம், இரண்டு பேருக்குமே குரல் உயர்ந்துதான் வரும். நாய் கட்டியிருக்கும் நேரம் பார்த்து, "உங்கள் நாய் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பயம் என்னுடையதுதான், என்னைக் கண்டதும் கயிற்றை மாட்டிவிட்டால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். நாயைக் குறை சொல்லவில்லை என்று தெரிந்தாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். வராதவருக்காக இருக்கவே இருக்கிறது பூங்கா நிர்வாகம்.

கேள்வி: நான் வளர்ப்பது லாப்ரடார், பரம சாது. யாரைப் பார்த்தாலும் வாலாட்டிக்கொண்டே போய் நிற்கும். யாரோ பயப்படுகிறார்கள் என்பதற்காக அதன் சுதந்திரத்தை நான் ஏன் பறிக்க வேண்டும்?

பதில்: முதலில் வால். வாலாட்டினால் சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் பரபரப்பில் இருக்கிற நாயும் வாலாட்டும், மிரண்ட நாயும் ஆட்டும். 2007-ல் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில், நாய்கள் தங்கள் உரிமையாளரைக் கண்டால் வலப்பக்கமாகவும், முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கமாகவும் அதிகம் வாலாட்டுவது தெரிந்தது. ஓடி வருகிற நாயின் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து முடித்துவிட்டுப் பயப்படச் சொல்கிறீர்களா?

சரி, உங்கள் நாய் நிஜமாகவே சாது என்றே வைத்துக்கொள்வோம். வளர்ந்த லாப்ரடார் 30 கிலோ இருக்கும். அது பாசத்தில்தான் தாவுகிறது, ஆனால் கீழே விழுகிற வயதானவருக்கு உடைவது இடுப்பெலும்பு. ஆபரேஷன் முடிந்து மெல்ல நடை பழகுகிறவர், கர்ப்பிணி, நாய் முடி ஒத்துக்கொள்ளாதவர், நாய் தொடக்கூடாது என்று மதரீதியாக நினைப்பவர் என்று எதிரே வருகிறவர் யாராகவும் இருக்கலாம். எல்லோரும் பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை.

பயப்படுகிறவர்களில் பலர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள், கூச்சம். நீங்கள்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நடை தளர்கிறது, எதிர்ப்பக்கத்துக்கு மாறுகிறார், கைப்பையை முன்னால் இழுத்துப் பிடிக்கிறார், குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொள்கிறார் என்றால் உடனே கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நாயை உங்களுடைய மறுபக்கத்துக்கு மாற்றி, அவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் வந்துவிடுங்கள். வழி குறுகலாக இருந்தால் ஓரமாக நின்று நாயை உட்கார வையுங்கள், அவர் கடந்து போகட்டும். இழுக்க இழுக்க நீளும் கயிறு இருக்கிறதே, அது 5 மீட்டர், 8 மீட்டர் என்று ஓடும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் அதன் பூட்டைப் போடாமல் பிடித்திருந்தால் கயிறு இருந்தும் இல்லாத மாதிரிதான். (அதன் மெல்லிய நூல் காலில் சுற்றி அறுத்துவிடுவது தனிக் கதை.) அவிழ்த்து விட ஆசையா? இன்னொரு நாய், பந்து, ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் கண்ணில் பட்டும், ஒரே கூப்பிடலில் உங்களிடம் திரும்பி வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள் வருவது கணக்கில் சேராது. வரவில்லை என்றால் அதற்கென்றே வேலி போட்டு ஒதுக்கிய இடத்தில் அவிழ்த்து விடுங்கள், அல்லது ஆளில்லாத வெளியில் 10 மீட்டர் பயிற்சிக் கயிற்றோடு ஓட விடுங்கள். சுதந்திரம் எங்கேயும் போய்விடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற நாய்களையோ ஆட்களையோ கண்டால் மிரளும் நாய்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்ட நாயின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டி, "கிட்டே வராதீர்கள்" என்று தெரிவிக்கும் வழக்கம் 2012 வாக்கில் தொடங்கிப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. தன் நாய்க்கு இடைவெளி கேட்கிறவர்கள் நாய் வளர்ப்பவர்களேதான். அதையே ஒரு மனிதர் தனக்காகக் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: என் 6 வயது மகளுக்கு நாயைக் கண்டாலே அழுகை. "கையைப் பிடித்து ஒரு தடவை தொட வைத்தால் பயம் தெளிந்துவிடும்" என்கிறார் நாய் வளர்க்கும் தோழி. செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. பெரியவர்களுக்கு நாய் முழங்கால் உயரம். குழந்தைக்கு அதன் வாய் தன் முகத்துக்கு நேரே இருக்கிறது, அவள் பார்க்கும் நாய் வேறு. அதோடு, அழுகிற, திமிறுகிற குழந்தையின் கையைத் தன் மேல் வைத்தால் நாயும்தான் கலங்கிப்போகும். தோழிக்கு உதவ வேண்டும் என்று இருந்தால், நாயை அறையின் அந்தக் கோடியில் கயிற்றில் படுக்க வைக்கட்டும். மகள் உங்கள் மடியில் இருந்தபடி பார்க்கட்டும், போதும் என்று அவள் சொன்னதும் கிளம்பிவிடுங்கள். "இவ்வளவு பெரிய பெண், வெட்கமாக இல்லையா" என்ற பேச்சு மட்டும் யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிஃப்டில் நாயோடு போகும்போது யார் விட்டுக்கொடுப்பது?

பதில்: நாயோடு இருப்பவர். அதற்குள்ளே தப்பிக்க இடம் கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் "வரலாமா?" என்று கேளுங்கள், தயங்கினால் அடுத்ததில் போங்கள். நீங்கள் முதலில் ஏறியிருந்தால் நாயை மூலையில் நிறுத்தி அதன் முன்னால் நில்லுங்கள். கதவு திறந்ததும் நாய் முதலில் தலையை நீட்டாதபடி பிடித்துக்கொள்ளவும் வேண்டும், வெளியே யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: நாய் ஓடியே வந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஓடாதீர்கள். கஷ்டம்தான், தெரியும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு, உங்களால் அதை ஓட்டத்தில் ஜெயிக்கவும் முடியாது. அசையாமல் நில்லுங்கள், கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள், அதன் கண்ணையே உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பை, குடை எது இருந்தாலும் நடுவில் பிடிக்கலாம். "நாயைப் பிடிங்க" என்று உரிமையாளரைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள், கீச்சென்று அலறினால் அது இன்னும் பரபரப்பாகும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதுகளையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

கேள்வி: பேருந்தில் பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு ஏறினார். எனக்கு நாய் பயம். இறங்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

பதில்: இல்லை. அந்த நாய் அவருக்குக் கண். இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் இந்த முறை நீங்கள்தான், தனியாக எழ முடியவில்லை என்றால் நடத்துநரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ உதவி கேளுங்கள். அவரிடமே சொன்னாலும் தப்பில்லை. சேணம் பூட்டி வேலையில் இருக்கும்போது ஆட்களைச் சட்டை செய்யாமல் இருக்கப் பழக்கப்பட்டவை இந்த நாய்கள், காலடியில் இன்னும் உள்ளே தள்ளிப் படுக்க வைக்க அவருக்குத் தெரியும்.