கிழிந்த தேவாரத்தை எங்கே சேர்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

ஆடிப்பெருக்கு நெருங்கினாலே நம் பகுதியில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பழைய சாமி புத்தகங்களைப் பற்றித்தான். ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாமனார் காலமான பிறகு அவருடைய பூஜை அலமாரியைத் திறந்தோம். தேவாரம், திருவாசகம், கந்த சஷ்டி கவசம், லலிதா சகஸ்ரநாமம் என்று இரண்டு மூட்டை. பாதியைக் கரையான் அரித்துவிட்டது. ஆடிப் பதினெட்டு அன்று காவிரியில் விட்டுவிடச் சொல்கிறார் நாத்தனார். குப்பையில் போட்டால் பாவம்தானே?
(வாசகி, திருவையாறு)

இந்து சமயத்தில் இதற்கென்று எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது அம்மா. வழக்கம்தான் உண்டு. நீரில் விடுவது, நெருப்பில் சேர்ப்பது, மண்ணில் புதைப்பது என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தெய்வத்தின் பெயர் எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாது, எச்சிலில் படக் கூடாது என்பதுதான் மூன்றுக்கும் அடிப்படை. தெருக்குப்பைத் தொட்டி தப்பு என்பதும் அதனால்தான். சோற்று மிச்சத்தோடு கிடக்கும், நாய் இழுத்துத் தெருவில் போடும். மற்றபடி, படிக்க உதவாமல் போன புத்தகத்துக்கு விடை கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. கரையான் பிடித்ததைப் பக்திக்காக அலமாரியிலேயே வைத்திருந்தால் அடுத்த புத்தகமும் போய்விடும்.

நாத்தனார் சொல்வதை மட்டும் செய்ய வேண்டாம். அந்த வழக்கம் ஓலைக் காலத்தது. ஓலை தண்ணீரில் ஊறி மட்கிவிடும். இன்றைய புத்தகத்துக்கு அட்டையில் பிளாஸ்டிக் படலம், முதுகில் பசை, நடுவில் கம்பிப் பின். மூட்டையாக விட்டால் உள்ளே தண்ணீரே புகாது. ஆடித் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு வாய்க்கால் தலைப்பில், மதகுப் பலகையில், ஆகாயத்தாமரையோடு சேர்த்து அடைத்துவிடும். அடைப்பு எடுக்க வருகிறவர் அதை வாரிக் கரையில் எறிவார். மிதிபடக் கூடாது என்று விட்டது அங்கே மிதிபடும். போதாததற்கு, நீர்நிலையில் மாசு சேர்ப்பதை 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தடுக்கிறது. அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவதும் இதே கதைதான். இரண்டு மழையில் கூழாகி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும்.

முதலில் தரம் பிரியுங்கள். மூட்டையை வீட்டுக்குள் பிரிக்காமல் முற்றத்திலோ மாடியிலோ வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தால் கரையான் இருப்பது தெரியும். அட்டை மட்டும் போய் உள்ளே பக்கம் முழுசாக இருப்பதைத் தனியே வையுங்கள். பைண்டிங் கடையில் புது அட்டை போட்டால் இன்னும் பல வருடம் வரும். தருமபுரம் ஆதீனத்தின் உரையோடு வந்த திருமுறைப் பதிப்பு, திருப்பனந்தாள் காசித் திருமடத்து வெளியீடு போன்றவை இருந்தால் அவசரப்படாதீர்கள். தொகுதி விட்டுப்போனவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஓதுவார்களிடமோ கோயில் திருமுறைக் கழகத்திலோ கேட்டுப் பாருங்கள். கொடுக்கும் முன் என்னென்ன தொகுதி, எத்தனை பக்கம் குறைவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பார்க்காமல் மூட்டையைக் கோயில் அலுவலக வாசலில் வைத்துவிட்டு வந்தால், உங்கள் தலைவலியை அவர்கள் தலையில் கட்டியதாகத்தான் அர்த்தம்.

மிச்சம் இருப்பதை வீட்டிலேயே கூழாக்கி மண்ணில் சேர்ப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அட்டை, பின், நூல், முதுகுப் பசை எல்லாவற்றையும் நீக்குங்கள். பளபளப்பான வண்ணப் படத் தாளும் வேண்டாம். மற்றதை ஒவ்வொரு தாளாக இரண்டு அங்குலத் துண்டாகக் கிழியுங்கள். கொத்தாகக் கிழித்தால் நடுவில் நனையாது. ஒரு கிலோ தாளுக்குப் பெரிய வாளி நிறையத் தண்ணீர், பத்து லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெந்நீராக ஊற்றினால் சீக்கிரம் ஊறும். இரண்டு நாள் ஊறவிட்டுக் கையால் பிசைந்தால், ஒரு எழுத்தும் தெரியாத சாம்பல் நிறக் கூழ் கிடைக்கும். மந்திரமோ பதிகமோ சொல்லிக்கொண்டே பிசைகிறவர்களும் உண்டு. அது அவரவர் மனசு.

கொல்லையில் இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி ஆழக் குழி போதும். கூழை ஒரு அங்குலத்துக்கு மேல் பரப்பாமல், அதன்மேல் சாணம், அதன்மேல் மண் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். சாணம் கட்டாயம். காகிதத்தில் தழைச்சத்து மிகக் குறைவாக இருப்பதால், சாணம் இல்லாவிட்டால் மட்க வைக்கும் நுண்ணுயிர் மண்ணில் இருக்கும் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்துச் செடி மஞ்சளாகும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளித் தோண்டுங்கள், காகிதம் கரையானை அழைக்கும். நம் களிமண்ணில் ஐப்பசி அடைமழைக்குக் குழியில் தண்ணீர் நின்றுவிடும். காற்றுப் போகாமல் நாற்றம் எடுக்குமே தவிர மட்காது. ஆடியில் தொடங்கினால் மழைக்கு முன் மூன்று மாதம் கிடைக்கிறது. அரளி, நந்தியாவட்டை, வில்வம் போன்றவற்றின் அருகே இருந்தால் பூஜைக்கே திரும்பி வரும். புத்தகத்தை முழுசாகப் புதைப்பவர்கள் ஒரு வருடம் கழித்துத் தோண்டிப் பார்க்கட்டும், நடுப்பக்கம் படிக்கிற மாதிரியே இருக்கும்.

எரித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: சொந்தக் கொல்லையில், காற்றில்லாத நேரத்தில், இரும்புச் சட்டியில், பத்துப் பதினைந்து தாளாகக் கசக்கிப் போடுங்கள். கட்டாகப் போட்டால் ஓரம் கருகி அணைந்துவிடும். பாதி எரிந்த பக்கம் பறந்து அடுத்த வீட்டு வாசலில் விழும். தெருவிலும் பொது இடத்திலும் எரிப்பதைத் திடக்கழிவு விதிகள் தடுக்கின்றன.

திருஞானசம்பந்தரே ஏட்டை வைகையில் விட்டவர்தானே? அப்படியிருக்க நாம் காவிரியில் விட்டால் மட்டும் தப்பு என்கிறார்களே!
(வாசகர், சீர்காழி)

சம்பந்தர் பிறந்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! அவர் விட்டது சமணரோடு நடந்த வாதில் வெல்வதற்கு, வீட்டைக் காலி செய்வதற்கு அல்ல. அந்த ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்த் திருவேடகத்தில் கரையேறியது என்கிறது பெரிய புராணம். அதே வாதில் அனலில் இட்டது நம் திருநள்ளாற்றுப் பதிகம், ‘போகமார்த்த பூண்முலையாள்’. எரியாமல் நின்றதால் அதற்குப் பச்சைப் பதிகம் என்றே பெயர். உங்கள் மூட்டை மதகைத் தாண்டி மேட்டூர்ப் பக்கம் போகும் என்றால் தாராளமாக விடுங்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால் தில்லையைப் பாருங்கள். அங்கே பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து, செல்லரித்தது போக எஞ்சியதை எடுத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். இன்று நாம் பாடுவது எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள். எறிவதற்கு முன் எஞ்சியது எது என்று பார்த்ததால் கிடைத்தவை அவை.

தாத்தா காலத்து ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. யாருக்கும் படிக்கத் தெரியாது. சரஸ்வதி பூஜையில் மட்டும் வைப்போம். புழு துளைத்திருக்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா, ஹோமத்தில் போட்டுவிடலாமா?
(வாசகர், பாபநாசம்)

இரண்டும் கூடாது. உங்கள் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது கரிவலம்வந்தநல்லூரில் கேட்ட பதில் இதுதான்: பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்களாம். ஆகமப்படி என்று சொன்னார்களாம். எந்த நூல் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு போன ஏடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

நல்லெண்ணெய் பிசுக்காக நின்று தூசியையும் பூச்சியையும் இழுக்கும். சுவடி நூலகங்களில் பூசுவது எலுமிச்சைப்புல் எண்ணெய். அதுவும் தூசி துடைத்த பிறகு, பழகிய கையால். நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. மென்மையான வண்ணத் தூரிகையால் மேல்தூசியைத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள், எழுத்து மறுபக்கத்தோடு வந்துவிடும். கயிற்றை உருவாதீர்கள், வரிசை கலைந்தால் பிறகு சேர்க்கப் பெரும்பாடு. வெயிலில் காய வைத்தால் ஓலை வளைந்து நொறுங்கும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு நான்கைந்து வைத்து, தஞ்சாவூர் சரஸ்வதி மகாலிலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள். பக்தி நூல் என்று நினைத்தது வைத்தியமாகவோ கணக்காகவோ இருக்கும். வீடு தேடி வந்து விலை கேட்கிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள சுவடி 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்குப் போகக் கூடாதது.

நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் கிழிந்த குர்ஆன் ஒன்றும் பைபிள் ஒன்றும் இருந்தன. நாங்கள் இந்துக்கள். தொடவே தயக்கமாக இருக்கிறது.
(வாசகி, நாகப்பட்டினம்)

கை கழுவிவிட்டு எடுங்கள் அம்மா, தயக்கம் வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகச் சுத்தமான துணியில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள்.

குர்ஆனைப் பக்கத்துப் பள்ளிவாசலில் கொடுத்தால் போதும். கிழிந்த பிரதிகளை ஒன்றுசேர்த்து வைக்கும் பள்ளிவாசல்கள் உண்டு. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஹனஃபி முறையில் துணியில் சுற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மண் நேரே மேலே விழாதபடி பக்கவாட்டுக் குழி வைத்தோ மேலே பலகை மூடியோ அடக்குவார்கள். ராவுத்தர்கள் பெரும்பாலும் இந்த வழி. ஷாஃபி வழியைச் சேர்ந்த மரைக்காயர்கள் நிறைந்த நாகூர்ப் பக்கம், அவமதிப்பிலிருந்து காக்க எரிப்பதற்கும் இடம் உண்டு. கலீஃபா உஸ்மான் ஒரே பிரதியை நிலைநிறுத்தி மற்றவற்றை எரிக்கச் சொன்னதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எது என்பதை ஜமாஅத் முடிவு செய்யட்டும், நீங்களே செய்ய வேண்டாம்.

பைபிளைக் கொடுக்கும் முன் முன்பக்கங்களைப் புரட்டுங்கள். பழைய பிரதிகளில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எழுதும் குடும்பப் பக்கம் இருக்கும். வீட்டை விற்றவர்களுக்கு அந்த ஒரு பக்கம் பொக்கிஷம், அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கத்தோலிக்கப் பிரதியைப் பங்குத்தந்தையிடம் சேர்க்கலாம். மந்திரித்த பொருளை எரிப்பதோ புதைப்பதோ அவர்கள் வழக்கம். லூத்தரன் முதலிய சபைகளில் தாளுக்குத் தனிப் புனிதம் சொல்வதில்லை, ஆனாலும் மரியாதையாகத்தான் அடக்குவார்கள். அச்சு மிகப் பழையதாகத் தெரிந்தால் மட்டும் யாரிடமாவது காட்டிவிட்டுக் கொடுங்கள். பக்கத்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியது 1714இல்.

பழைய பேப்பர் கடையில் பகவத் கீதையைப் போட்டதற்கு, போலீசில் சொல்வேன் என்று மிரட்டுகிறார் பக்கத்து வீட்டுக்காரர். வழக்கு வருமா?
(வாசகர், திருச்சி)

வராது. பாரதிய நியாய சன்ஹிதா 298ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295) புனிதப் பொருளை அழிப்பதையும் அசுத்தப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது; இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் ஒரு மதத்தாரை அவமதிக்கும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது அவர்கள் அதை அவமதிப்பாகக் கொள்வார்கள் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். இந்தப் பிரிவின் பேர்பெற்ற வழக்கு உங்கள் ஊரில்தான் பிறந்தது. 1953இல் டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் மண்சிலையை உடைத்ததைப் பற்றிய வழக்கு அது. கீழ்க்கோர்ட்டுகள் வெறும் மண்பொம்மை என்று தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எதுவும் இதில் அடங்கும், பைபிள், குர்ஆன், கிரந்த் சாகிப் போன்ற நூல்களும் அடங்கும் என்றது. காலம் கடந்துவிட்டதால் மேல்முறையீட்டை மட்டும் தள்ளுபடி செய்தது.

சட்டம் ஒரு பக்கம். உங்கள் கீதை கடையிலிருந்து பஜ்ஜி மடிக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. அச்சிட்ட செய்தித்தாளில் பலகாரம் மடிப்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதியில் தடை இருந்தும் நடக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் நூலகத்துக்கு. கிழிந்ததென்றால் ஆடிட்டர் அலுவலகத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ தாள் நறுக்கும் மெஷின் இருக்கும். நறுக்கிக் கோணியில் கட்டி, ஆலைக் கூழுக்கு என்று சொல்லிப் போடுங்கள். நறுக்கியது பொட்டலத்துக்கு உதவாது, நேரே ஆலைக்குத்தான் போகும்.

தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஆன்மிக இணைப்பு என்று எல்லாவற்றிலும் சாமி படம். இவற்றையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமா?
(வாசகி, கும்பகோணம்)

வேண்டாம் அம்மா, அப்புறம் கொல்லையே போதாது. இவை வேத புத்தகம் அல்ல. போன வருடப் பஞ்சாங்கமும் கணக்குப் புத்தகம்தான். பத்திரிகையில் பிள்ளையார் படத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை கூழ் வாளியில் போடுங்கள். மற்ற அட்டை பழைய பேப்பருக்கு. வெல்வெட் ஒட்டியது, தங்கப் படலம் பதித்தது கூழாகாது, அவற்றை உலர் குப்பையில் சேர்க்கலாம். காலண்டரின் படஅட்டை கெட்டியானது. படத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் சில அட்டைகளில் முழுசாக வரும். மேலே இருக்கும் தகரப் பட்டையைத் தனியே கழற்றி இரும்புக்கடைக்குப் போடுங்கள்.