"100" + 1 ஏன் 00 ஆகிறது?

கேள்வி: ஜாவாவில் பழகிவிட்டு இப்போதுதான் சி எழுதுகிறேன். "100" + 1 என்பதை, திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃபில் (printf) கொடுத்தால் 1001 வரும் என்று நினைத்தேன். வெறும் 00 வருகிறது. 1-க்குப் பதில் 7 போட்டால் ஏதோ குப்பை வருகிறது. கம்பைலர் எரர் காட்டவில்லையே, ஏன்?

பதில்: சி மொழியில் + ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஒட்டாது. "100" என்பது மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் 4 பைட்: '1', '0', '0', கடைசியில் முடிவைச் சொல்லும் '\0'. கூட்டலில் வந்ததுமே இந்த அரே (பைட் வரிசை), தன் முதல் எழுத்தின் முகவரியைக் காட்டும் பாயிண்டராகிவிடும். அதோடு 1 கூட்டினால் பாயிண்டர் ஓர் எழுத்து தள்ளிப் போகும். பிரிண்ட்எஃப் அங்கே தொடங்கி '\0' வரை படிப்பதால் 00.

+ 3 போட்டால் '\0' மேலேயே நிற்கும், வெற்று ஸ்ட்ரிங்தான் கிடைக்கும். + 4 அரேவைத் தாண்டிய முதல் இடம். அந்த முகவரியைக் கணக்கிடலாம், படிக்கக் கூடாது. + 7-ஐக் கணக்கிடுவதே தவறு. அப்புறம் என்ன நடக்கும் என்பதற்கு சி எந்த உத்தரவாதமும் தராது. குப்பை வந்தால் தவறு கண்ணில் பட்டுவிடும். சரியாக ஓடுவது போலத் தெரிந்தால்தான் ஆபத்து.

பாயிண்டரோடு முழு எண்ணைக் கூட்டுவது இலக்கணப்படி சரி என்பதால்தான் எரர் வரவில்லை. "100" + "1" என்று எழுதிப் பாருங்கள், கம்பைலர் உடனே மறுக்கும். இரண்டு பாயிண்டரைக் கூட்ட முடியாது.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சார் (char, எழுத்து வகை) பாயிண்டர் நகர்வது பைட் கணக்கில். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' 3 பைட் எடுக்கும். ஆகவே "அம்மா" + 1 எழுத்தின் நடுவில் போய் நிற்கும், திரையில் கேள்விக்குறியோ கட்டமோ வரும். + 3 போட்டால்தான் "ம்மா" கிடைக்கும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனியாக 3 பைட் உண்டு, அதனால் "அம்மா" மொத்தம் 15 பைட், '\0' சேர்த்து 16.

சரி, 1001 வேண்டுமென்றால்? இரண்டுமே லிட்டரல் (மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்) என்றால் "100" "1" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும், கம்பைலர் ஒட்டிவிடும். மாறியில் இருக்கும் எண்ணை ஒட்ட, போதுமான அளவுள்ள சார் அரே ஒன்றை வைத்து, அளவையும் கொடுத்து, அந்த அரேவுக்குள் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) பயன்படுத்துங்கள். லிட்டரலின் மேலேயே எழுதப் பார்க்காதீர்கள். பல கணினிகளில் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். 101 என்ற எண்தான் வேண்டுமென்றால், முதலில் எஸ்டிஆர்டோல் (strtol) கொண்டு ஸ்ட்ரிங்கை எண்ணாக்கிவிட்டு 1 கூட்டுங்கள்.