மத்தேயுவின் வம்சவரிசையில் மூன்று ராஜாக்கள் ஏன் இல்லை?

மத்தேயு சுவிசேஷம் தரும் இயேசுவின் வம்சவரிசையில் (1:8) யோராமுக்கு அடுத்து நேராக உசியா வருகிறார். பழைய ஏற்பாட்டின் 1 நாளாகமம் 3-இலோ நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் இருக்கிறார்கள். இது பிழைதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நாம் இதைத் தாலுகா அலுவலக வாரிசுச் சான்றிதழ் போல வாசிக்கிறோம். ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது என்பது நவீன மேற்கத்திய வரலாற்றெழுத்தின் எதிர்பார்ப்பு. பள்ளிக்கூடம் வழியாக நமக்கும் பழகிவிட்டது. அன்றைய யூத வாசகர் வம்சவரிசையில் தேடியது, இவர் யாருக்குக் கொடுத்த வாக்குறுதியின் வாரிசு என்பதை. தலைமுறைகளைத் தாண்டிச் சொல்வது அவர்களிடம் வழக்கமே. எஸ்றா 7-உம் ஆரோன் வரையிலான வரிசையில் 1 நாளாகமம் 6-இல் உள்ள பல பெயர்களை விட்டுவிடுகிறது.

மத்தேயு வேண்டுமென்றேதான் தலைமுறைகளை 14, 14, 14 என மூன்று பகுதிகளாக அடுக்குகிறார்; 1:17-இல் அந்தக் கணக்கை அவரே சொல்கிறார். எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; தாவீதின் பெயர் 4+6+4=14. அதை மனதில் வைத்தே எழுதினார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

நான் வியப்பது இன்னொன்றை: ராஜாக்களையே விட்டவர், தாமார், எரிகோவின் ராகாப், மோவாபிய ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரையும் விடாமல் சேர்த்திருக்கிறார்.