வின்லாண்ட் சாகா பார்க்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, வின்லாண்ட் சாகா என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் முழுக்க வெட்டுக்குத்து என்கிறார்கள். என் ரூம்மேட் பார்த்துவிட்டு அழுததாகச் சொல்கிறான். எது நிஜம்?

பதில்: இரண்டும்தான் தம்பி. 11ஆம் நூற்றாண்டு வைக்கிங் கொள்ளைக்காரர்களின் கதை, கையும் தலையும் பறக்கும். அப்பாவைக் கொன்ற அஸ்கலாட்டை நேருக்கு நேர் மோதிக் கொல்லவேண்டும் என்பதற்காக அவன் கும்பலிலேயே வளர்கிறான் சிறுவன் தோர்ஃபின்.

முதல் சீசனின் 14ஆம் எபிசோடில் ஆன் என்று ஒரு கிராமத்துப் பெண் வருவாள். ஆசைப்பட்டு ஒரு மோதிரத்தைத் திருடி மரப்பொந்தில் ஒளித்துவைத்திருப்பாள். இதற்காக நரகத்துக்குத்தான் போவோம் என்று உள்ளுக்குள் பயம். அதை எடுத்துப் பார்க்க வெளியே வந்த நேரத்தில், அஸ்கலாட்டின் ஆட்கள் அவள் ஊரையே வெட்டிச் சாய்க்கிறார்கள். பகையெல்லாம் இல்லை. பனிக்காலத்துக்குச் சாப்பாடு வேண்டும், தாங்கள் அங்கே இருப்பது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். ஒரு மோதிரத்துக்கே நடுங்கியவள், எதற்கும் பயப்படாத இவர்களைப் பார்த்து நிற்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேள்வி: ஏழாவது படிக்கும் மகனோடு பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் மேடம்.

கேள்வி: இது நிஜ வரலாறா?

பதில்: பாதி. தொடரில் வரும் இளவரசன் க்னூட் நிஜமானவர், 1016இல் இங்கிலாந்துக்கு ராஜா ஆனார். தொடரில் வரும் போர்வீரன் தோர்கெலும் இருந்தவர்தான். நம் தோர்ஃபினுக்கு மூலமான தோர்ஃபின் கார்ல்செஃப்னி, வட அமெரிக்கக் கரையில் குடியேறப் போனவராக ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் வருகிறார். அந்தப் பக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் வின்லாண்ட். அஸ்கலாட் கற்பனை. தொடரிலேயே ஆழமான ஆள் அவன்தான் என்பது வேறு விஷயம்.

கேள்வி: ரெண்டாவது சீசன்ல சண்டையே காணோமே ப்ரோ? வயல்ல உழுதுட்டு இருக்காங்க. மூணு எபிசோடோட நிறுத்திட்டேன்.

பதில்: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் கதையே இருக்கிறது. பழிவாங்க ஆளில்லாமல் போன தோர்ஃபின், டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமை. கூட ஐனார் என்று இன்னொருவன், போரில் குடும்பத்தை இழந்தவன். இரண்டு பேரும் காட்டை வெட்டி, அடிவேரைப் பிடுங்கி, குதிரையை இரவல் வாங்கிக் கோதுமை போடுகிறார்கள். ஆளைக் கொல்ல மட்டுமே தெரிந்த கை அது. ராத்திரியில் தான் கொன்றவர்கள் கனவில் வந்து காலைப் பிடித்து இழுக்கிறார்கள். யாருக்குமே எதிரி என்று ஒருவன் இல்லை என்று அப்பா சொன்னது அவனுக்கு அப்புறம்தான் உறைக்கிறது. முதல் சீசனில் அவ்வளவு ரத்தம் காட்டாமல் இருந்திருந்தால், கடைசியில் அவன் திருப்பி அடிக்காமல் அடிவாங்கி நிற்பது நம் நெஞ்சில் ஏறியிருக்காது. ஆனால் ஒன்று, நடுவில் இரண்டு மூன்று எபிசோட் இழுவைதான், மறுக்கமாட்டேன்.

கேள்வி: ரெண்டு சீசனுக்கும் ஸ்டூடியோ வேறயாமே, தரம் குறைஞ்சிடுச்சா?

பதில்: 2019இல் விட் ஸ்டூடியோ, 2023இல் மாப்பா. தலா 24 எபிசோட். இயக்குநர் ஷுஹெய் யபுதாதான் இரண்டுக்கும், அதனால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது.

கேள்வி: அந்தப் பண்ணையில இருக்கிற அடிமைப் பொண்ணு அர்ன்ஹெய்ட் கதை எப்படி முடியும்? முன்னாடியே சொல்லிடுங்க, மனசைத் தேத்திக்கிறேன்.

பதில்: சொல்லமாட்டேன். கைக்குட்டை ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.