ஊருக்கெல்லாம் சேலை எடுத்துப் போடுகிறேன், தீபாவளி என்றாலே பயமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய மேடம்,

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 36. கணவர், ஏழாவது படிக்கும் மகள், மாமியார், நான் என்று வீட்டில் நான்கு பேர். தீபாவளிக்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது. இப்போதே நடுராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வந்துவிடுகிறது.

காலை 10 மணிக்குக் கடையில் நிற்க ஆரம்பித்தால் வீடு திரும்ப ராத்திரி 11 ஆகிறது. லீவு கேட்க முடியாது. இந்த வருடம் நாத்தனாருக்குத் தலை தீபாவளி வேறு. மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மாமியார் தினமும் சொல்கிறார். "உன் வயசுல நான் ஒத்த ஆளா எட்டுப் பலகாரம் செஞ்சேன்" என்பார். கணவர் நல்லவர்தான். "என்ன வேணும்னு சொல்லு, செய்யறேன்" என்பார். சொல்கிற நேரத்தில் நானே செய்துவிடலாம் போல இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் மாவு டப்பாவைத் தட்டிவிட்டாள். கையை ஓங்கிவிட்டேன். "நமக்கு தீபாவளியே வேணாம்மா" என்று அழுதாள். அதிலிருந்து மனசே சரியில்லை. போன வருடம் நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சேலை பிரித்துப் போட்டவள், எனக்கு ஒன்று எடுக்க மறந்துபோனேன். வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை. இது ஏதாவது நோயா, இல்லை என் குணமே கெட்டுவிட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 12 மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அரிசி ஊறப்போட்டு, நாலைந்து மணி நேரம் மட்டும் தூங்குகிற யாருக்கும் பொறுமை சீக்கிரம் தீர்ந்துபோகும். பகலெல்லாம் 'அடுத்து என்ன, அடுத்து என்ன' என்று ஓடும் உடம்பில் அட்ரினலின் சுரந்துகொண்டே இருக்கிறது. படுத்த பிறகும் அது அடங்காததால் நெஞ்சு அடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் மனசுதான் காரணம் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு இரண்டிலும் இதே படபடப்பு வரும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த வாரமே ஒரு காலை, அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கணவர் சொல்லும் அந்த வரியைத்தான். "சொல்லு, செய்யறேன்." எது தீர்ந்தது, எது பாக்கி, யாருக்கு என்ன அளவு என்ற கணக்கு முழுவதும் அப்போதும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை நிமிடத்தில் அளப்பது கஷ்டம். மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பார்த்த 2019 அரசு ஆய்விலேயே, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம்தான் என்று வந்தது. அதனால் உதவி கேட்காதீர்கள், பொறுப்பை முழுசாகக் கொடுங்கள். தலை தீபாவளி அவர் தங்கைக்கு. மாப்பிள்ளைக்கான துணிமணி, மோதிரம், பட்டாசு, அவர்களை அழைத்து வருவது எல்லாம் அவர் கணக்கு. ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவர்தான். ஏதாவது ஒன்று விட்டுப்போகும். போகட்டும். நடுவில் நீங்கள் புகுந்து சரிசெய்தால் அந்தக் கணக்கு மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

மாமியாரிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டும். எட்டுப் பலகாரம் செய்தேன் என்று அவர் சொல்லும்போது, அந்தக் கைப்பழக்கத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வியும் அதில் இருக்கலாம். "அத்தை, நோன்புக்கு அதிரசம் மட்டும் நம்ம வீட்ல செய்வோம், பாகு பதம் நீங்கதான் பார்க்கணும். முறுக்கு, மிக்சர் எல்லாம் வெளியில சொல்லிடலாம், எனக்கு முடியல" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். இதுவரை நீங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

கடையில் கூட்டம் குறையும்போது உட்காருங்கள். பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது, அது உங்கள் உரிமை. உட்கார்ந்த அந்த ஐந்து நிமிடம் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு நிதானமாகும். ராத்திரி முழிப்பு வந்தாலும் இதையே செய்யலாம். தாங்க முடியாமல் தோன்றும் நாளில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள்.

மகளிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். "அம்மா கை ஓங்கினது தப்பு. மாவு கொட்டினதுக்காக இல்ல, அம்மா ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன்." இவ்வளவு போதும், கூட ஒரு புத்திமதியும் வேண்டாம். பிறகு இந்த வருடம் அம்மாவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்லும் நிறத்தில் ஒன்றை நாளைக்கே உங்கள் பிரிவில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.