அம்மாவிடம் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. அப்பா போன பிறகு, எனக்கு முன்னால் பிறந்து ஒன்பதாம் நாள் இறந்த ஒரு ஆண் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். வீட்டுப் பிரசவமாம். "மூணு நாள் நல்லா பால் குட்ச்சான், அப்பால வாயே தொறக்கல, ஒடம்பு வெறச்சுப்போச்சு, நான் பச்சத்தண்ணில குளிச்சதாலதான்" என்கிறார். எங்கே புதைத்தார்கள் என்றும் கேட்கிறார். அண்ணன், பேச்சை மாற்று என்கிறார். நான் என்ன செய்ய?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாற்றாதீர்கள். ஐம்பது வருஷமாக எல்லோரும் அதைத்தானே செய்தார்கள், 'அடுத்தது பொறந்தா சரியாயிடும்' என்று சொல்லிச் சொல்லி. அடுத்ததாக நீங்களும் பிறந்தாயிற்று, சரியாகவில்லை.

முதலில் அந்தப் பச்சத்தண்ணி. பிறந்து ரெண்டு மூணு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தைக்கு வாய் திறக்காமல் போய் உடம்பு விறைத்தது என்றால், அது பெரும்பாலும் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். தொப்புள்கொடியை அறுத்த கத்தியோ பிளேடோ சுத்தமில்லாமல் இருந்தால், இல்லை கொடியில் எதையாவது தடவினால் வருவது. கர்ப்பிணிகளுக்கு அதைத் தடுக்கும் டிடி ஊசி போடுவது பரவலாகாத காலம் அது. 1971ல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. பச்சைக்குழந்தைகளின் ரணஜன்னியை ஒழித்துவிட்டோம் என்று நாம் சொல்ல 2015 ஆகிவிட்டது. தாய் குளித்த தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. அவர் நம்புகிற டாக்டர் யாராவது இருந்தால் அவர் வாயாலும் சொல்ல வையுங்கள்.

அப்புறம் புதைத்த இடம். பச்சைக்குழந்தையை எரிக்க மாட்டார்கள், வீட்டு ஆண் ஒருவர் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார், பெற்றவள் தீட்டு என்று வீட்டோடு கிடப்பாள், அவளிடம் வந்து இடம் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. உங்கள் பக்கம் என்றால் மூலக்கொத்தளம் சுடுகாடாக இருக்கலாம். சித்தப்பா, மாமா யாராவது மிச்சமிருந்தால் உடனே கேளுங்கள். குழி கிடைக்காது, நம் ஊர்ச் சுடுகாடுகளில் தோண்டிய இடத்திலேயேதான் திரும்பவும் தோண்டுகிறார்கள். ஆனால் யார் கொண்டுபோனது, எந்தச் சுடுகாடு என்று தெரிந்தாலே அம்மாவுக்குப் பெரிய விஷயம். போக வேண்டும் என்றால் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போங்கள்.

பேச்சை எப்படி எடுப்பது? யார் ஜாடை, பேர் ஏதாவது வைத்தீர்களா, பால் கட்டினபோது அது வற்றட்டும் என்று மல்லிப்பூ வைத்துக் கட்டினார்களா, இப்படிச் சின்னதாகக் கேளுங்கள். அழுவார், அழட்டும். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணனுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, உங்கள் ரெண்டு பேருக்கும் அவர் டீ போடட்டும்.